சாலையில் கரைந்த ரயில்

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பெயரைக் கேட்டாலே காரணம் புரிந்துவிடும். கனகம்மாசத்திரம் நடந்து போனவர்களின் ஊர். சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவில், கால் கடுத்தவர்கள் மூட்டையை இறக்கிவைத்த இடம். இன்றும் புரட்டாசி பிறந்தால் மஞ்சள் உடுத்தி, கோவிந்தா போட்டபடி திருமலைக்கு நடப்பவர்கள் எங்கள் கடைத்தெரு வழியாகத்தான் போகிறார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி தூக்குகிறவர்களும் அப்படியே. அந்தக் கூட்டம் இல்லாத நாட்களில் சாலை டிப்பர் லாரிகளுக்குச் சொந்தம். ஜல்லி ஏற்றி, தார்ப்பாயைப் பேருக்கு மூடி, வேகத்தடை வரும்போதெல்லாம் ரெண்டு கல்லைச் சிந்திவிட்டுப் போகும்.

ரயில் ஏற வேண்டுமானால் திருவாலங்காட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த மண் என்று திருஞானசம்பந்தர் கால் வைக்கவே தயங்கினார் எனப் புராணம் சொல்லும் ஊர் அது. அங்கே அரக்கோணம் லோக்கல் நிற்கும். என் தாய்மாமா அந்தப் பாதையில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் சொல்வார். அவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"இந்தியாவுல மொதல் ரயில் எங்க ஓடுச்சு மாமா?"

"பாம்பேலதான். பம்பாய் டு தாணா. இதுக்கெல்லாமா பரீட்சை வெக்கற?"

"இல்ல மாமா, நம்ம ஜில்லாவுல. ரெட்ஹில்ஸ்ல."

மாமா சிரித்துவிட்டார். "ரெட்ஹில்ஸ்ல ஏதுரா ரயிலு? அங்க ஸ்டேஷனே கெடையாதே!"

அதுதான் வேடிக்கை. நாட்டின் முதல் ரயில் பாதை என்று வரலாறு குறிப்பது 1837-ல் செங்குன்றத்தில் போட்ட ரெட் ஹில் ரயில்ரோடு. பம்பாய்க்குப் பதினாறு ஆண்டு மூத்தது. இன்று செங்குன்றத்துக்குப் போகிறவர்கள் பஸ்ஸில்தான் போயாக வேண்டும். "வா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார் மாமா. பார்க்க அங்கே எதுவும் இருக்காது என்று தெரிந்தேதான் ரெண்டு பேரும் கிளம்பினோம்.

*

காலை பஸ்ஸில் நின்றபடியே திருவள்ளூர். அமாவாசை இல்லாத நாள் என்பதால் வீரராகவர் கோயில் தெருக்கள் கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. ரயில் கதை என்று வந்துவிட்டால் திருவள்ளூரை எளிதில் தாண்டிப் போக முடியாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பார்த்த ஊர்களில் இதுவும் ஒன்று.

1856 ஜூன் 28-ல் சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்துவைத்தார். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி அங்கிருந்து ஆற்காட்டுச் சீமைக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரை, பாதை போட்டிருந்தது. பெட்டிகள் சிம்ப்சன் கம்பெனி செய்தவை. ஆளுநரும் ஏறக்குறைய முந்நூறு ஐரோப்பியர்களும் ஏறி வாலாஜா வரை போய் விருந்து சாப்பிட்டார்கள். அதே நாளில் இன்னொரு ரயில் திருவள்ளூர் வரை ஓடியது. டிக்கெட் வாங்கி ஊர் போகும் சேவை ஜூலை 1-ல் தொடங்கியது. ஆக, எங்கள் பக்கத்துக்கு வந்த முதல் ரயில் ஒரு உல்லாசப் பயணம். வேலையாக வந்தவர் அதில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். ரயில் என்பதைப் பார்க்கவும், அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவும் வந்த கூட்டம்.

ரயிலின் பிறப்பிலேயே இந்த வேடிக்கைக் குணம் இருக்கிறது. 1808-ல் லண்டனில் ரிச்சர்டு டிரெவிதிக் வட்டமாக ஒரு தண்டவாளம் போட்டு, சுற்றி உயரமாக வேலி கட்டி, 'முடிந்தால் பிடி' என்ற பொருளில் பெயர் சூட்டிய ஒரு நீராவி எஞ்சினை அதற்குள் ஓட்டினார். காசு கொடுத்தால் உள்ளே விடுவார்கள். தைரியசாலிகள் பின்னால் கட்டிய வண்டியில் ஏறிச் சுற்றலாம். நம் ஊர்த் திருவிழா ராட்டினம் மாதிரிதான். சில வாரங்கள் ஓடியது. எஞ்சினின் கனம் தாங்காமல் தண்டவாளம் உடைந்தது, கடை மூடப்பட்டது. உலகில் பயணிகளை ஏற்றிய நீராவி ரயில்களின் முன்னோர் வரிசையில் அந்த ராட்டினம் முன்னால் நிற்கிறது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் கவனம் வேறு இடத்தில் நின்றது. "எஞ்சின் போன மாதிரி பாதை போகலன்னு சொல்லு. எப்பவும் அதான் கதை. எஞ்சினைத்தான் எல்லாரும் ஃபோட்டோ புடிப்பாங்க. கீழ கெடக்கறது எவன் கண்ணுல படுது?"

*

திருவள்ளூரிலிருந்து செங்குன்றத்துக்கு ஈக்காடு, தாமரைப்பாக்கம் வழியாகப் பஸ் உண்டு. மேற்கிலிருந்து கிழக்காக, வயலும் செங்கல் சூளையும் பிளாட் போட்ட கல்லும் மாறி மாறி வரும் பாதை. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இந்த வழியின் தண்ணீரைச் சொல்லாமல் ரயிலைச் சொல்ல முடியாது. கொசஸ்தலை எங்கள் பக்கத்து ஆறு. அது பூண்டியில் 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கத்தில் தேங்கி, கால்வாய் வழியே சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் போகிறது. 1996 முதல் ஆந்திரத்தின் கண்டலேறிலிருந்து கிருஷ்ணா தண்ணீரும் ஊத்துக்கோட்டை எல்லையைத் தாண்டிப் பூண்டிக்கு வந்து சேர்கிறது. 1960-ல் படாஸ்கர் தீர்ப்பின்படி ஆந்திர எல்லைக் கோடு இழுத்துத் திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்த்தார்கள். அந்தக் கோட்டுக்கு மேல்புறத்தில் இருந்து வரும் தண்ணீரைக் கீழ்ப்புறத்தில் நாங்கள் குடிக்கிறோம். எங்கள் ஊரில் ஒரே வீட்டில் அத்தை தெலுங்கும் மருமகள் தமிழும் பேசுவது போல அதுவும் இயல்பாகிவிட்டது.

பஸ்ஸில் எங்கள் முன் இருக்கையில் ராஜமுந்திரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மகள் வீட்டுக்குப் போகிறவர். செங்குன்றத்து ரயிலைப் போட்டவர் ஆர்தர் காட்டன் என்று நாங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்ததும் திரும்பினார். "காட்டன் தொரகாரா?" என்று கையைக் கூப்பினார். கோதாவரி டெல்டாவில் அந்தப் பெயருக்கு அந்த மரியாதை உண்டு. தவளேஸ்வரத்தில் அணைக்கட்டுக் கட்டி, வறண்டு கிடந்த மாவட்டங்களை நெல் வயலாக்கிய துரை அவர். நீர் தந்த அந்த மனிதருக்கு ரயிலோடு என்ன வேலை என்று பெரியவர் கேட்டார். எங்களுக்கும் அதுதான் கேள்வி.

*

ஆர்தர் காட்டன் 1803-ல் பிறந்தவர். பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்த கம்பெனி ராணுவப் பொறியாளர். தஞ்சைப் பக்கம் காவிரியில் வேலை பார்த்தபோது கல்லணையைப் பார்த்து அசந்தவர். மணலில் அடித்தளம் போடும் வித்தையை அங்கே பழைய அணையைப் பார்த்தே படித்தேன் என்று வெள்ளைக்காரப் பொறியாளர்களில் வெளிப்படையாக ஒத்துக்கொண்டவர். 1836 வாக்கில் முக்கொம்பிலும் கொள்ளிடத்திலும் அவர் திட்டமிட்ட அணைகள் எழுந்துகொண்டிருந்தன.

அதே ஆண்டுகளில்தான் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே ஒரு துண்டுத் தண்டவாளம் போடப்பட்டது. இழுவைக்கு எவ்வளவு குறைந்த பலம் போதும் என்று காட்டுவதற்கான பரீட்சை அது. கல் ஏற்றிய வண்டியை ஒரே ஆள் தள்ளிப்போவதை ஜனங்கள் நின்று பார்த்திருக்கிறார்கள். தார் இல்லாத காலம். மழை பெய்தால் மாட்டு வண்டியின் சக்கரம் அச்சு வரை புதையும். அப்படிப்பட்ட ஊரில் இரும்புக் கோட்டின் மேல் பாரம் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு அது மாயம் மாதிரி இருந்திருக்கும். இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் ஓடத் தொடங்கி அப்போது ஆறே வருடம் ஆகியிருந்தது.

பரீட்சை பெரிதாகியது. சென்னைக்குச் சாலை போடக் கல் வேண்டும். செங்குன்றத்தில் கல் இருந்தது. 1837-ல் செங்குன்றத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்கும் இடையே கல் ஏற்றிய ரயில் ஓடியதாக ரயில் வரலாறுகள் குறிக்கின்றன. அமைத்தவர் காட்டன். அதில் நீராவி எஞ்சினையும் ஓட்டிப் பார்த்தார்கள். அது இன்று நாம் படத்தில் பார்க்கும் உருளையும் தண்டும் கொண்ட எஞ்சின் வகையே இல்லை. ஏவரி என்ற அமெரிக்கரின் சுழல் எஞ்சின்.

சுழல் எஞ்சின் எப்படி வேலை செய்யும் என்று மாமாவுக்குச் சொல்லக் கஷ்டப்படவில்லை. தீபாவளித் தரைச்சக்கரம் போதும். மருந்து எரிந்து ஒரு பக்கம் பீறிட, சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது அல்லவா? மருந்துக்குப் பதில் நீராவி. நடு அச்சு வழியே நீராவி உள்ளே போகும். இரண்டு கைகளின் நுனியில், பக்கவாட்டில் துளை. நீராவி அதன் வழியே சீறும்போது கைகள் சுழலும். இந்தச் சூத்திரம் அலெக்சாண்டிரியாவில் ஹீரோ என்ற கிரேக்கர் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே விளையாட்டுப் பொருளாகச் செய்து காட்டியது. அதை வேலைக்கு ஆகும் இயந்திரமாக்கி, நியூயார்க் மாகாணத்தின் சிராக்யூஸ் ஊர்க்காரர் வில்லியம் ஏவரி 1831-ல் ஆம்ப்ரோஸ் ஃபாஸ்டரோடு சேர்ந்து காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் மரம் அறுக்கும் மில்களில் அது வேலை செய்தது.

"மில்லுக்கு சரி, ரயிலுக்கு ஆவாது" என்று மாமா உடனே தீர்ப்புச் சொன்னார். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் உள்ளங்கையால் தெரிந்துவைத்திருந்தார். தரைச்சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் அதில் பலம். ரம்பத்துக்கு அந்த வேகம் தேவை. நின்ற இடத்திலிருந்து கல் வண்டியை அசைக்க வேண்டிய எஞ்சினுக்கோ மெதுவான, கனத்த முதல் இழுப்பு வேண்டும். பின்னாலும் போகத் தெரிய வேண்டும். தரைச்சக்கரம் ஒரு பக்கமாகத்தான் சுற்றும். அதோடு அது நீராவியைக் குடிக்கும் வேகத்துக்கு விறகு போட்டு மாளாது. உலகம் முழுக்கவே அந்த வகை எஞ்சின் ரயிலை விட்டுவிட்டது. அதே தத்துவம் தேறி, டர்பைன் என்ற பெயரில் திரும்பி வர இன்னும் ஐம்பது வருடம் ஆனது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் இன்று மின்சாரத்துக்காகச் சுற்றுவதும் நீராவி டர்பைன்தான். செங்குன்றத்தில் தோற்றது சொந்தக்காரப் பெயரில் எண்ணூர்ப் பக்கம் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

*

செங்குன்றத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. நெல் மூட்டை லாரிகள், அரிசி ஆலைகள், உமி வாசனை. ஜி.என்.டி. ரோட்டில் கல்கத்தாவிலிருந்து வரும் லாரியும் ஆந்திரா பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஒன்றுக்கொன்று இடம் விடாமல் நகர்ந்தன. 'செங்குன்றம்' என்ற பெயருக்கு ஏற்ற குன்றைத் தேடினால் கிடைக்காது. நிலத்தின் லேசான ஏற்றமும், எங்காவது அஸ்திவாரம் தோண்டிய குழியில் தெரியும் சிவந்த மண்ணும்தான் மிச்சம். வெட்டி எடுத்தது போக மிஞ்சியது ஊர்.

கரையேறி ஏரியைப் பார்த்தோம். புழல் ஏரி, 3,300 மில்லியன் கன அடி பிடிக்கும். கடல் மாதிரி விரிந்து கிடந்தது. இந்த ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குக் கால்வாய் வெட்டி நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் 1872-ல் நடைமுறைக்கு வந்தது. செங்குன்றம் சென்னைக்கு முதலில் கல் அனுப்பியது, அப்புறம் தண்ணீர். கல் போன வழி அழிந்துவிட்டது. தண்ணீர் இன்னும் போகிறது.

ரயில் பாதையின் தடம் ஏதாவது உண்டா என்று கரையோரம் டீக்கடையில் கேட்டோம். "ரயில்வே ரிசர்வேஷன் கவுன்டரா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். ஒரு பலகையோ கல்வெட்டோ எங்கள் கண்ணில் படவில்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது. தாணேயின் முதல் பயணத்துக்கு எவ்வளவு கொண்டாட்டம்! 1853 ஏப்ரல் 16. பதினான்கு பெட்டி, நானூறு விருந்தாளி, சாஹிப், சிந்து, சுல்தான் என்று மூன்று எஞ்சின், இருபத்தொரு குண்டு முழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்குப் பதினாறு வருடம் முந்தைய பாதைக்கு ஒரு பலகைக்குக் கூடவா வழியில்லை?

மாமாவுக்கு வருத்தமே இல்லை. டீயை ஆற்றிக்கொண்டு சொன்னார்:

"எங்க செக்ஷன்ல ஜல்லி ஏத்தறதுக்குன்னு குவாரி பக்கம் தனியா ஒரு சைடிங் போடுவாங்க. மெயின் லைனுக்குக் கல்லு போதும்னு ஆனதும் அந்த சைடிங்கைக் கழட்டிடுவோம். தண்டவாளம், கட்டை எல்லாம் எடுத்து வேற எடத்துல போட்ருவோம். ஒரு மழையில புல்லு முளைச்சிடும். அந்த சைடிங்குக்கு எவனும் பலகை வெக்க மாட்டான். வீடு கட்டறப்ப சாரம் கட்டறோமே, அந்த மாதிரிதான். வீடு எழும்புனா சாரத்தப் பிரிச்சிடணும். பிரிக்காம வெச்சிருந்தா வீட்டுக்கு என்ன மரியாதை?"

அந்த ஒரு வார்த்தையில் நான் பல நாளாகக் கோத்துப் பார்த்துக் கைகூடாத கதை கோத்துக்கொண்டது. சாரம்.

யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் தாணே ரயிலுக்கு முன்னால் மூன்று ரயில்களை வரலாறு சொல்கிறது. முதலாவது, செங்குன்றம். சாலைக்குக் கல் சுமந்தது. இரண்டாவது, 1845 வாக்கில் தவளேஸ்வரத்தில் அதே காட்டன் போட்டது. கோதாவரி அணைக்குக் கல் சுமந்தது. 1847-ல் தொடங்கிய அணை 1852-ல் எழுந்து நின்றது. மூன்றாவது, ரூர்க்கியில் சோலானி ஆற்றின் மேல் கங்கைக் கால்வாயைத் தூக்கிக்கொண்டு போகும் பாலம் கட்ட மண் சுமந்தது. அங்கே 1851 டிசம்பரில் தாமஸன் என்ற நீராவி எஞ்சின் ஓடியது. மூன்றுமே மனிதர்கள் போவதற்காகப் போட்டவை இல்லை. ஒன்று சாலைக்கு, இரண்டு தண்ணீருக்கு. மூன்றும் சாரங்கள். அணை எழுந்தது, சாரம் பிரிந்தது. கால்வாய் ஓடியது, சாரம் பிரிந்தது. செங்குன்றத்துப் பாதையும் பத்து வருடம் நிற்கவில்லை. அதன் கல் சாலையாகி நகரத்தில் படிந்தது. ரயில் அந்தச் சாலைக்குள் கரைந்துவிட்டது.

தாணே ரயில்தான் முதலில் எழுந்த வீடு. அதற்குப் பலகை வைத்தார்கள்.

*

செங்குன்றத்திலிருந்து நகரத்துக்குள் போகும் பஸ் புழல், மாதவரம், மூலக்கடை என்று ஜி.என்.டி. ரோட்டிலேயே வரும். வியாசர்பாடியைத் தாண்டும்போது தண்டவாளங்கள் மேலும் கீழும் குறுக்கிட ஆரம்பிக்கும். மேற்கே கொஞ்ச தூரத்தில் பெரம்பூர். மெட்ராஸ் ரயில்வேயின் பணிமனை 1856-லேயே தொடங்கிய இடம்.

நீராவியின் கடைசி உல்லாசமும் அங்கிருந்துதான் புறப்பட்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் கிட்சன் கம்பெனி 1855-ல் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின், 1909-ல் ஓய்வு பெற்று, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு ஆண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. அதை 2010-ல் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் திரும்பவும் மூச்சுவிட வைத்தார்கள். அதன்பின் சுதந்திர தினம் போன்ற நாட்களில் எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே ஓடிக் காட்டியது. நாகர்கோவில் - கன்னியாகுமரி, எர்ணாகுளம் - கொச்சித் துறைமுகம் என்று வெளியூர்ப் பாதைகளிலும் பயணிகளை ஏற்றிச் சில நாள் சென்று வந்தது. பழைய காலப் பெட்டி போலச் செய்த ஒரே பெட்டி. ஊதல் சத்தம் கேட்டுக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ள, பெரியவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடிக்க, போய்ச் சேர எந்த அவசரமும் இல்லாத பயணம். டிரெவிதிக்கின் ராட்டினமும், 1856-ன் திருவள்ளூர்ப் பயணமும், இதுவும் ஒரே குடும்பம்.

மாமா அந்த எஞ்சினைக் கோடம்பாக்கத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறார். "எப்டி இருந்துச்சு மாமா?" என்றேன். "அழகாத்தான் இருந்துச்சு. ஆனா நான் சின்னப் பையனா அரக்கோணத்துல பாத்த எஞ்சின் வேல செய்ற எஞ்சின். கரித்தூள் கண்ணுல விழுந்தா ரெண்டு நாளு செவந்து கெடக்கும். எங்கம்மா மொலப்பால் விட்டுக் கழுவுவா. இது கல்யாணத்துக்கு அலங்காரம் பண்ண யானை மாதிரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "யானைய யாருக்குத்தான் புடிக்காது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

*

சென்ட்ரலில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டைக்கு நடந்தோம். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் அப்படித் திரிந்தது என்பார்கள். ஆளுநர் மார்ட்டன் பிட் 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை. கூவம் அதை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆதிகேசவர் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். தறிச் சத்தம் போய் மீன் மார்க்கெட் சத்தம் வந்து எத்தனையோ காலம் ஆகிறது.

கூவத்தின் பாலத்தில் நின்றோம். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நிற்பது கஷ்டம்தான். ஆனால் எங்களுக்கு இந்த ஆற்றைத் திட்ட வாய் வராது. இது எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஆறு. கடம்பத்தூர்ப் பக்கம் கூவம் என்றே ஊர் இருக்கிறது. அங்கே பூ மணக்கும் சிவன் கோயில் குளமும், பச்சை வயலும், தெளிந்த நீரும். தக்கோலத்துக்கு அருகே கேசவரம் அணைக்கட்டிலிருந்து கொசஸ்தலைத் தண்ணீரின் ஒரு பங்கும் இதில்தான் பிரிந்து வரும். புறப்படும்போது எங்கள் ஆறாக இருப்பது இங்கே வந்து சேரும்போது ஊரார் சாக்கடையாகியிருக்கும்.

இங்கேதான் 1836-ல் அந்தத் துண்டுத் தண்டவாளம். இங்கேதான் செங்குன்றத்துக் கல் வந்து இறங்கியதாகச் சொல்வது. ரயிலும் ஆறும் சந்தித்த இடம். காட்டனின் வாழ்க்கை இந்த ரெண்டுக்கும் இடையில்தான் கிழிந்தது என்று எனக்குத் தோன்றியது.

ஏனென்றால், இந்தியாவின் முதல் ரயிலைப் போட்ட இந்த மனிதர் பிற்காலத்தில் ரயிலைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதல் ஆள் ஆகிவிட்டார். ரயில் கம்பெனிகளின் முதலீட்டுக்கு அரசே ஐந்து சதவீத வட்டிக்கு உத்தரவாதம் கொடுத்து, பணத்தைக் கொட்டியதை அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பணத்தில் கால்வாய் வெட்டினால் பயிரும் விளையும், அதே கால்வாயில் படகில் சரக்கும் போகும், செலவும் குறையும் என்று எழுதி எழுதிப் பார்த்தார். ஆறுகளை இணைத்து நாடு முழுக்க நீர்வழி அமைக்க வேண்டும் என்றார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தபோது அவர் குரல் உயர்ந்தது. ரயில் தானியத்தை இங்கிருந்து அங்கே கொண்டுபோகும், தண்ணீர் தானியத்தை உண்டாக்கும் என்பது அவர் கட்சி. 1878-ல் லண்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் போய் நின்று வாதாடினார். குழுவைக் கரைக்க முடியவில்லை. 1899-ல் இறக்கும் வரை மனம் மாறவில்லை.

முன்பு இதை முரண்பாடு என்று நினைத்திருந்தேன். மாமாவின் சாரத்துக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை. காட்டனுக்கு ரயில் என்பது கல் தூக்கும் கருவி, கடப்பாரை மாதிரி. அதைச் சாலைக்கும் அணைக்கும் பயன்படுத்தினார், வேலை முடிந்ததும் கீழே வைத்தார். சாரத்திலேயே குடியிருக்கலாம் என்று ஊரே சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அவர் முழுதும் சரி என்றும் சொல்ல முடியாது. ரயில் இல்லாத இந்தியாவை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? எங்கள் ஊர்க்காரர்கள் திருவாலங்காட்டில் அதிகாலை லோக்கல் பிடித்து அம்பத்தூரில் வேலைக்குப் போகிறார்கள். பூ மூட்டையும் கீரைக் கட்டும் அதே ரயிலில் நகரத்துக்குப் போகின்றன. எத்தனை பெண்கள் அந்த சீசன் டிக்கெட்டை நம்பிக் கல்லூரி முடித்தார்கள் என்று எண்ண முடியாது. காட்டன் கணக்குப் போட்டது டன்னுக்கு என்ன செலவு என்று. மனிதர்கள் எதற்கெல்லாம் ரயில் ஏறுவார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

பாலத்தில் நின்றபடி தலையைத் தூக்கினால் பறக்கும் ரயில் தெரிகிறது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய பாதை. சிந்தாதிரிப்பேட்டையைத் தாண்டித் தெற்கே போனால் அதன் தூண்கள் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதற்குள் கால் ஊன்றியும் மயிலாப்பூர்ப் பக்கம் போகின்றன. பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் துண்டு அதே தாது வருஷப் பஞ்சத்தில், கூலிக்கு வந்தவர்களை வைத்து வெட்டியது. ஒருகாலத்தில் ஆந்திரத்திலிருந்து விறகும் உப்பும் சுண்ணாம்பும் படகில் வந்த நீர்வழி. காட்டன் கனவு கண்ட மாதிரியான ஒன்று. இன்று அதன் முதுகில் ரயில் நிற்கிறது. இதைப் பார்க்க அவர் இல்லாதது நல்லதுதான்.

மாமா பாலத்தின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார். கேங்மேன் பழக்கம். பிறகு குனிந்து ஓரத்தில் தார் பெயர்ந்த இடத்தைக் காட்டினார். கீழே பழைய ஜல்லி தெரிந்தது. "இது ஒங்க ரெட்ஹில்ஸ் கல்லா இருக்குமா?" என்று கேட்டார். எத்தனை முறை தோண்டி எத்தனை முறை போட்ட ரோடு. இருக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் ரெண்டு பேரும் அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

*

திரும்பும்போது லோக்கல் பிடித்தோம். வேப்பம்பட்டு தாண்டியதும் காற்று மாறியது. திருவாலங்காட்டில் இறங்கி, சத்திரத்துக்கு வந்து சேர இரவு ஒன்பது மணி.

கடைத்தெருவில் சாலையைக் கடக்க நின்றோம். ஒன்றன் பின் ஒன்றாக நாலு டிப்பர்கள், சென்னையைப் பார்த்துப் போயின. வேகத்தடையில் கடைசி லாரி குலுங்கி, கைப்பிடி ஜல்லி எங்கள் காலடியில் வந்து விழுந்தது. மாமா செருப்பால் அதை ஓரமாகத் தள்ளினார், நடந்து வருகிறவர்கள் காலில் குத்தும் என்று.

"ஒங்க ரெட்ஹில்ஸ் ரயிலு" என்றார், லாரியைக் காட்டி. "இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு. டயர மட்டும் மாத்திக்கிச்சு."